வானலைக்கு முன் முப்பத்தொரு சோதனை

டிப்போவில் அவருக்கு 'எதுக்கும்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்குவார் யாருமில்லை. காலையில் ஒவ்வொரு பஸ்ஸும் வெளியே போவதற்கு முன் பிரேக், டயர், விளக்கு, வைப்பர் எல்லாம் பார்த்து, "போகலாம்" என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பார்த்து முடித்துப் பேனாவைத் திறப்பார். டிரைவர் சாவியைத் திருகுவார். அந்த நேரம் பார்த்து இவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடுவோம்" என்று வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார். இருபத்தொரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட வண்டி ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. டிப்போ வாசலிலேயே நின்ற வண்டிகள் ஏராளம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அமெச்சூர் ரேடியோ என்கிற பைத்தியம் எப்படிப் பிடித்ததோ தெரியாது. வீட்டில் ஒரு ஒலிபரப்புக் கருவி, மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாக் கம்பி, கையில் அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ். இந்த மூன்றும் இருந்தால் இதே பைத்தியம் பிடித்த வெளியூர்க்காரர்களோடு காற்று வழியாகவே பேசலாம். லைசென்ஸுக்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் அவர் கடைசிக் கேள்விக்கு விடை எழுதவில்லை. தெரியாமல் இல்லை. முதல் கேள்வியின் விடையை நாலாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது.

லைசென்ஸ் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை அவர் ஒரு ஜீவனோடும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை வானலையில் ஒரு கூட்டம் நடக்கும். பக்கத்து ஊர் பல் டாக்டர் ஒருவர்தான் தலைவர். வாயைத் திறக்கச் சொல்வது அவருக்குப் பழக்கம் என்பதால் அந்தப் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டார்கள். பட்டியலைப் பார்த்து, பெயருக்குப் பதில் லைசென்ஸோடு கொடுத்த ஒவ்வொருவரின் அழைப்புக்குறியையும் கூப்பிடுவார். கூப்பிட்டவர் நலம் சொல்வார், மழை சொல்வார், முட்டிவலி சொல்வார். நம்மவர் குறியையும் வாரம் தவறாமல் கூப்பிடுவார். பதில் வராது. ஏனென்றால் நம்மவர் அந்த நேரத்தில் மொட்டைமாடியில் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேசுவதற்கு முன் சோதிக்க வேண்டியவை என்று அவரே ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தார். டிப்போ படிவம் மாதிரியே கட்டம் போட்டது: நன்று, பழுது, குறிப்பு. மொத்தம் முப்பத்தொரு வரி. கம்பி இறுக்கம், காக்கைத் தொல்லை, பூமிக்குள் அடித்த எர்த் கம்பி ஈரமாக இருக்கிறதா, பேட்டரி, ஃபியூஸ், மைக், சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா. இருபத்தொன்பதாவது வரி, தொண்டை. அதற்கும் ஒரு மாத்திரையைச் சப்பி, செருமிப் பார்த்துத்தான் 'நன்று' போடுவார். எல்லாம் முடிந்து கீழே கையெழுத்துப் போடும்போது மணி ஏழு முப்பத்திரண்டு ஆகியிருக்கும். ரேடியோவைத் திறந்தால் காற்று காலியாக இருக்கும். "சே, ரெண்டு நிமிஷத்துல போச்சு" என்பார். அந்தக் குரலில் வருத்தத்தைவிட நிம்மதி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

படிவத்தில் ஒரு வரி முக்கியமானது. கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பேசிப் பார்க்க வேண்டும், ஆனால் அந்த "ஒண்ணு ரெண்டு மூணு" ஊரார் காதில் விழக்கூடாது. அதற்காக ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் எண்ணெய் ஊற்றி, அதற்குள் பெரிய ரெசிஸ்டர் ஒன்றை முக்கி வைத்திருந்தார். இந்த ஆட்கள் அதை டம்மி லோடு என்பார்கள். அவர் வீட்டில் அதற்கு எண்ணெய் டப்பா என்று பெயர். ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு டப்பாவின் கேபிளைக் கருவிக்குப் பின்னால் மாட்டினால், பேசுகிற பேச்செல்லாம் டப்பாவுக்குள் போய் வெறும் சூடாகிவிடும். வெளியே போகாது. வெளியிலிருந்தும் எதுவும் உள்ளே வராது. வீட்டுக்குள் மட்டும் கொஞ்சம் கசியும்.

அந்தக் கசிவைக் கேட்பவள் அவர் மனைவி. தையல் டீச்சர். மிக்ஸி ஓடினால் ரேடியோவில் இரைச்சல் வரும் என்று, சமையலறை அலமாரியில் ஒரு சின்ன ரேடியோவைக் கூட்டம் நடக்கும் அலைவரிசையில் வைத்துக் கொடுத்திருந்தார். "என் குரல் கேட்டா மிக்ஸிய நிறுத்திடு." மூன்று வருஷமாக அவள் நிறுத்தக் காத்திருக்கிறாள். வந்ததென்னவோ ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான். ஆனால் அந்தக் கூட்டத்தை அவள் ஒரு வாரம்கூட விடாமல் கேட்டாள். கோழிப்பண்ணைக்காரரின் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது, யாருக்குக் கண் ஆபரேஷன், பல் டாக்டருக்கே எந்தப் பல்லில் சொத்தை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. லைசென்ஸ்காரருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் வழக்கம்போல இவர் குறியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. கோழிப்பண்ணைக்காரர் குறுக்கே வந்து, "டாக்டர், எனக்கென்னமோ அவர் போயிட்டார்னு தோணுது. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம், பாவம்" என்றார். டாக்டரும் குரலைத் தாழ்த்தி, "குடும்பத்துக்கு ஒரு கடுதாசியாவது போட்டிருக்கலாம்" என்றார். குடும்பம் கத்தியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தது. போனதாகச் சொல்லப்பட்ட மனிதர் மாடியிலிருந்து, "ஏம்மா, இந்த எர்த் கம்பிக்கு ஒரு மக் தண்ணி ஊத்து" என்று குரல் கொடுத்தார்.

அவளுக்கு வந்ததே கோபம். தண்ணீர் ஊற்றவில்லை. அவர் இறங்கி வரும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, அந்த ரூம் எதுக்கு?"

"ரேடியோவுக்கு."

"ரேடியோ எதுக்கு?"

"பேசறதுக்கு."

"பேசினீங்களா?"

"பேசறதுக்கு முன்னாடி எதுக்கும்..."

"அந்த வார்த்தைய எடுத்தீங்க, அவ்வளவுதான்! ஆறு பொண்ணுங்க ஹால்ல ஒருத்தி மேல ஒருத்தி உக்காந்து தைக்கறாங்க. துணி வெட்டற மேஜை வந்து ஒரு மாசமா நடுவீட்டுல நிக்குது, நாம பக்கவாட்டுல நடக்கறோம். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள்கிட்டயாவது பேசுங்க. ரூம் உங்களுக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை என் மேஜை உள்ள போகும், உங்க மேஜை மாடிப்படிக்கு அடியில போகும்."

நியாயம்தான். அவருக்கே அது தெரிந்தது. இருந்தாலும், வாரம் பூராவும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவருக்கு, உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்க என்று இருந்தது அந்த எட்டடி அறை ஒன்றுதான். அது போனால் ஞாயிற்றுக்கிழமை என்பதே போன மாதிரி. ஆனால் பேச வேண்டுமே! உண்மையைச் சொல்லிவிடலாம்: அந்த மனிதருக்குப் பேசப் பயம். மெஷினில் கோளாறு என்றால் கழற்றிச் சரிசெய்துவிடுவார். வாயிலிருந்து வருவதில் கோளாறு என்றால் எதைக் கழற்றுவது? முப்பத்தொரு வரியும் அந்தப் பயத்துக்குப் போட்ட வேலி. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்தார். மாடியேறிக் கம்பியை இழுத்துப் பார்த்தார். காக்கையைத் துரத்தினார். அது அவரையே ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தது. குறிப்புக் கட்டத்தில் 'ஒரு காக்கை' என்று எழுதினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாகப் பார்த்து இருபத்துமூன்றாவது வரிக்கு வரும்போது மணி ஏழு. எண்ணெய் டப்பாவை மாட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." மீட்டர் முள் துள்ளியது. நன்று.

இருபத்துநாலாவது வரி: டப்பாவைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டவும்.

செய்யாமல் டிக் போடக் கூடாது என்பது டிப்போவில் அவர் வேதம். புதிதாக வந்தவர்களைக் காதில் ரத்தம் வருகிற அளவுக்கு அதைச் சொல்லியே படுத்துவார். ஆனால் அன்றைக்கு அவசரம். இடது கை கேபிளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே வலது கை டிக் போட்டுவிட்டது. அந்தக் கணத்தில் செல்போன் அடித்தது. டிப்போவிலிருந்து ஒரு டிரைவர்.

"அண்ணே, இன்னைக்கு உங்களுக்குப் பதிலா வந்த ஆளு, ஒரே ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாருண்ணே!"

"சரி, அதுக்கென்ன?"

"வண்டிய எடுக்கப் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

வருஷக்கணக்காக அவரைக் கேலி செய்த அதே டிரைவர்! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனிலேயே பிரேக்கை மிதிக்கச் சொன்னார், காற்றழுத்த மீட்டரைப் படிக்கச் சொன்னார், ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிச் சத்தத்தைக் கேட்கவைக்கச் சொன்னார். நாலு நிமிஷம் போனது. திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தார். இருபத்துநாலில் டிக் இருந்தது. டிக் இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். இருபத்தைந்துக்குப் போனார்.

இருபத்தேழாவது வரியில் ஒரு அதிசயம் நடந்தது. அனுப்புகிற சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. மாடிக் கம்பியை விரல்விரலாக வெட்டியும் நீட்டியும் மூன்று வருஷமாக அந்த முள்ளை அவரால் சைபரில் நிறுத்த முடிந்ததில்லை. எண்ணெய் டப்பா மாட்டியிருந்தால் மட்டும் எப்போதும் சைபர்தான். அன்றைக்கு ஆணி அடித்தாற்போல் சைபரில் நின்றது. இதைப் பார்த்து வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். சந்தேகப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஆகா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

தொண்டை நன்று. கையெழுத்தும் போட்டாயிற்று. மணி ஏழு பதினாலு. ரேடியோவில் ஒரு குரலும் இல்லை. லேசான இரைச்சல் மட்டும். டாக்டர் இப்போதுதான் தன் குறியைக் கூப்பிட்டிருக்கிறார், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். தெய்வமே என்று கண்ணை மூடிக்கொண்டு மைக்கின் பட்டனை அழுத்தினார். அழுத்தியிருக்கும்வரை இங்கே பேசுவதெல்லாம் வெளியே போகும்; விரலை எடுத்தால்தான் மற்றவர் பேச்சு கேட்கும்.

குறியைச் சொன்னார். விரலை எடுத்துக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை, குறுக்கிடவும் இல்லை. மரியாதையான மனிதர்கள். மறுபடி அழுத்தினார்.

"வணக்கம். நான் பஸ் டிப்போல வண்டி செக் பண்றவன். மூணு வருஷமா நீங்க என்னைக் கூப்பிடறீங்க. நான் வரல. மெஷின் சரியில்லன்னு சொல்லலாம். ஆனா மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயம்."

சொன்னதும் நெஞ்சில் ஏதோ ஒரு நட்டு கழன்ற மாதிரி இருந்தது. நிறுத்திக் கேட்டார். அதே அமைதி. இவ்வளவு அக்கறையாகத் தன் பேச்சை யாருமே கேட்டதில்லை என்று தோன்றியது. பிறகு அவரை யார் பிடிப்பது?

பேசினார். டிப்போவில் தனக்கு என்ன பட்டப்பெயர் என்று சொன்னார். அது தனக்குத் தெரியும் என்பது டிரைவர்களுக்குத் தெரியாது என்றும் சொன்னார். சின்ன வயதில் வகுப்பில் எழுந்து படிக்கும்போது திக்கியதைச் சொன்னார். பரீட்சையைச் சொன்னார். காக்கையைச் சொன்னார். அப்புறம் குரல் தானாகத் தாழ்ந்தது.

"எங்க வீட்டுல அவ ஒருத்தி இருக்கா. தையல் டீச்சர். எனக்காக மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை மிக்ஸியப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கா. நான் போடற சட்டையெல்லாம் அவ தைச்சதுதான். புதுச் சட்டை குடுத்தான்னா, போட்டதும் தையல் தாங்குதான்னு கையை முறுக்கி இழுத்துப் பாப்பேன். அவ எதிர்லயே பாப்பேன். இதுவரைக்கும் ஒரு தையல் பிரிஞ்சதில்ல. நல்லா இருக்குன்னு ஒரு தடவ சொல்லியிருக்கணும். சொன்னதில்ல. சொல்றதுக்கு முன்னாடி அது சரியா வருமான்னு மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன், அதுக்குள்ள அவ அடுத்த ரூமுக்குப் போயிடுவா. இன்னைக்கு நான் பேசலேன்னா இந்த ரூம அவ எடுத்துக்குவா. நியாயமாப் பாத்தா கேக்காமலே நான் குடுத்திருக்கணும். இதையெல்லாம் நீங்க அவகிட்ட சொல்லிடாதீங்க. ஓவர்."

மணி ஏழு இருபத்துநாலு. விரலை எடுத்தார். முகமெல்லாம் வியர்வை. காத்திருந்தார். ஒரு நிமிஷம் ஆனது. யாரும் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். இரைச்சல்தான் கூடியது. பத்து நிமிஷம் மனசைத் திறந்து கொட்டியதை ஊரே கேட்டுவிட்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் எழுந்து போய்விட்டது! அவர் முகம் செத்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்து மேஜையில் கருவியைப் பிடித்திருந்த முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

கதவருகில் அவள் நின்றிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் வெங்காயம் எதுவும் இல்லை.

"என்ன பண்றீங்க?"

"உன் மேஜைக்கு இடம் பண்றேன். பேசினேன். ஒருத்தரும் பதில் சொல்லல."

"எப்படிச் சொல்லுவாங்க? நீங்க பேசப்பேச அங்க தண்ணி மோட்டர் எப்படி ரிப்பேர் பண்றதுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நீங்க மூச்சு விடற நேரமெல்லாம் என் ரேடியோல அதுதான் கேட்டுச்சு."

அவர் படிவத்தைப் பார்த்தார். இருபத்துநாலில் டிக் அழகாக உட்கார்ந்திருந்தது. கருவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆன்டெனாக் கேபிள் தரையில் கிடந்தது. டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அதற்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ" என்று நாற்காலியில் சாய்ந்தார். "யாருமே கேக்கல."

"நான் கேட்டேன்."

பேயறைந்தவர் போலப் பார்த்தார். எதையெல்லாம் சொன்னோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தவருக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"முழுசாவா?"

"முதல்லேர்ந்து. ஒரு ஆள்கிட்ட பேசணும்னு சொன்னேன். பேசிட்டீங்க. ரூம் உங்களுக்கு."

அதோடு தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். போவாரா? தகுதியில்லாத வண்டிக்குக் கையெழுத்துப் போடாத கை அது.

"இல்லம்மா. அது கசிவு. வானலையில போகாதது பேச்சில்ல. அத நான் பாஸ் பண்ண முடியாது."

"கசிவா? ஏங்க, திருகு, கம்பி, காக்கா வரைக்கும் நம்பறீங்க. காதால கேட்டேன்னு பொண்டாட்டி சொன்னா அதுக்கு மட்டும் டிக் போட மாட்டீங்களா?"

சமையலறையிலிருந்து பல் டாக்டரின் குரல் மெல்ல வந்தது. கூட்டத்தை முடிக்கிறேன், கடைசியாக யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மணி ஏழு இருபத்தொன்பது.

அவர் அவளைப் பார்த்தார். குனிந்து டப்பா கேபிளைப் பிடுங்கினார். தரையில் கிடந்ததை எடுத்து மாட்டினார். இறுக்கம் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமவும் இல்லை. பட்டனை அழுத்தித் தன் குறியைச் சொன்னார்.

"நீங்க உயிரோடதான் இருக்கீங்களா!" என்றார் பல் டாக்டர். "சார், உங்க குரல் பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. சொல்லுங்க, உங்களப் பத்திச் சொல்லுங்க. வீட்டுல யாரெல்லாம்?"

அவர் வாயைத் திறந்தார். டிப்போ, திக்குவாய், பரீட்சை எல்லாம் எங்கே போயினவோ, ஒன்றும் வரவில்லை.

"நாங்க ரெண்டு பேர்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். அவங்களுக்கும் லைசென்ஸ் உண்டா?"

"இல்ல டாக்டர். அவ கேக்கறதுக்கு மட்டும்."

"யாரு கேக்கறதுக்கு மட்டும்?" முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் பாய்ந்து வந்தது. "பத்து நிமிஷம் அவ்வளவும் சொல்லிட்டு அங்க திரும்பிக்கிட்டா ஆச்சா? என் பக்கத்துப் பதில நான் இன்னும் சொல்லவே இல்ல. இப்படித் திரும்புங்க!"

அவர் திரும்பினார். பட்டனிலிருந்து இன்னும் விரலை எடுத்திருக்கவில்லை.